தொட்டிமேல் கிடக்கும் கேம் ஷாஃப்ட்

எங்கள் திருநகர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் தகர மூடிமேல் ஒரு கேம் ஷாஃப்ட் கிடக்கிறது. ஆடிக் காற்றில் மூடி பறந்துவிடாமல் இருக்கப் பாரமாக வைத்தது. இன்ஜினுக்குள் சுழன்று வால்வுகளைத் தட்டித் திறக்கிற இரும்புத் தண்டு அது. உடம்பெங்கும் மூக்கு மூக்காக மேடுகள். தொட்டியைக் கழுவும்போதெல்லாம் அதை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். இந்த மூட்டு வலியோடு ஏணியில் ஏறி அதைத் தூக்கி வைப்பதற்குள் ஒரு நாள் முழுக்க உழைத்த அசதி வந்துவிடுகிறது.

எழுபதுகளின் கடைசியில் நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் அண்ணனும், சேர்ந்து ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் ஓட்டினோம். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு சூளையில் செங்கல் ஏற்றி, திருநகர்ப் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்குவோம். ரோட்டில் வண்டி ஒழுங்காகத்தான் போகும். சூளைப் பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் மண்மேட்டில்தான் வம்பு. முதல் கியரில் பாதி மேடு ஏறியதும் இன்ஜின் திணறும். மச்சான் குதித்து இறங்கி, பின்பலகையில் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். ஸ்டியரிங்கில் இருக்கும் எனக்குக் கண்ணாடியில் அவருடைய தலைத்துண்டின் நுனி மட்டும் தெரியும். ஒரு நாளைக்கு நாலு நடை, நாலு தள்ளல். “நீ பேசாம மிதி மாப்ள, மத்ததை எந் தோளு பாத்துக்கிரும்” என்பார். கல்லைக் குறைத்து ஏற்றுவோமே என்றால், “அதுக்கு மாட்டுவண்டி போதுமே, நாம எதுக்கு?” என்று வாயை அடைத்துவிடுவார்.

ஒருநாள் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தது. கேம் தேய்ந்துபோயிருந்தது. காளவாசல் சந்திப்பில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், எங்கள் இன்ஜினில் பொருந்துகிற இரண்டு கேம்களைப் பெஞ்சில் வைத்தார். “இது நெட்டை மூக்கு. வால்வை ரொம்ப நேரம் தொறந்து வச்சிருக்கும். ஓட்டத்துல நல்லா மூச்சு விடும். மெதுவாப் போகையில உள்ள இழுத்த மூச்சையே திருப்பி விட்டுரும். அந்தா இருக்குறது மொக்கை மூக்கு. பறக்காது, ஆனா மேட்டுல அடி இழுவை குடுக்கும். ஒங்க வண்டி எங்கண்ணே முக்குது? அதைச் சொல்லுங்க, தோதா எடுத்து மாட்டிருவோம்” என்றார்.

பட்டறையில் டீ குடித்துக்கொண்டு நாலைந்து டிரைவர்கள். அதில் ஒருவர், “என்னண்ணே, ஒங்க வண்டிய சைக்கிள்காரன் முந்திட்டுப் போனானாமே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் முகம் கறுத்துவிட்டது. “ரோட்டுல முந்தையிலதான் இழுக்க மாட்டேங்குது. மேடு கீடெல்லாம் சும்மா ஏறிரும்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள் நான். அன்றைக்கு மட்டும் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நெட்டை மூக்கு உள்ளே போயிற்று.

ரோட்டில் வண்டி பறந்தது. முந்தும்போதெல்லாம் மச்சான் ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டுக்கொள்வார். ஆனால் சூளை மேட்டில், முன்பு பாதியில் திணறிய வண்டி இப்போது அடிவாரத்திலேயே நின்றது. மிதித்து அலறவிட்டால் கிளட்ச் கருகியது. ‘கேமை மாத்திருவோம் மச்சான்’ என்று தினமும் தொண்டை வரை வரும்; அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விடும். மேடு முழுக்க அவர் தள்ளினார். மூன்றாவது வாரம், உச்சி வெயிலில், “மிதி மாப்ள” என்ற குரல் பாதியில் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும் வண்டி உருண்டுவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறார். குடலிறக்கம் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் தள்ளவோ தூக்கவோ கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

தனியாகக் காளவாசலுக்குப் போய் மெக்கானிக்கிடம் உள்ளதைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார். “வண்டிக்கு என்ன நோவுன்னுதானண்ணே கேட்டேன்? ஒங்க மானத்தையா கேட்டேன்?” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. மொக்கை மூக்கை மாட்டி, நெட்டை மூக்கைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, “சும்மா கூட ஒக்காந்து வாரேன்” என்று மச்சான் வண்டியில் ஏறினார். பள்ளத்தில் முழு லோடு ஏற்றிக் கிளம்பினோம். பாதி மேட்டில் அவர் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று. வண்டி நிற்கவில்லை. கண்மாயை விட்டுக் கரையேறும் எருமை மாதிரி, அவசரமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார்.

“யாரு மாப்ள தள்றது?”

“யாருமில்ல மச்சான்.”

கதவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரோடு வந்து, நான் இரண்டாவது கியர் மாற்றிய பிறகுதான் பேசினார். “இம்புட்டுத்தானா?” என்றார். அதற்குப் பிறகு அவர் நிறைய நாள் இருந்தார். அந்த மேட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இன்று காலையில் தொட்டியைக் கழுவினேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி மகன் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறான். இந்தக் காற்றுக் காலம் போகட்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துணியால் துடைத்து, ஒரு மூக்கின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். மேலே துரு ஏறியிருக்கிறதே தவிர, தேய்மானம் இல்லை. மூன்று வாரம்தானே ஓடியது. மூடிமேல் திரும்ப வைத்துவிட்டு, ஏணியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன்.