சமமாயிருந்த நான்கு முனைகள்

யட்டவத்தைச் சந்தையில் ஒருவர், சீமைக்குப் போன துரை விட்டுச்சென்றது என்று ஒரு பழைய பில்லியர்ட் கோலைக் காட்டினார். அதன் பிடியில் நான்கு கருங்காலிப் பட்டைகள் ஈட்டிமுனைபோல் வெள்ளை மரத்துக்குள் ஏறியிருந்தன. அளந்தேன், நான்கும் பிசகாமல் ஒன்பது அங்குலம். கொழும்பில் நல்ல விலை போகுமென்று நம்பி, மனைவியின் ரேடியோவைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

துரைமார் கிளப்பில் பில்லியர்ட் மேசையைப் பராமரித்துவந்த முத்தையாவிடம் அதைக் காட்டினேன்.

"கையால பொருத்தினா நாலும் ஒரே அளவுல நிக்காதுங்க ஐயா. இது கருங்காலியில்ல, மேல தீட்டின சப்பாத்து பாலிஷ்," என்று ஈரத்துணியால் துடைத்தார். துணி கறுத்தது. அதைத் தடவிய கையால் இரண்டு நாள் சோறு தின்றிருக்கிறேன்.

"இனி செய்திய அந்தக் கம்புகிட்டயே கேளுங்க," என்றாள் வீட்டில் மனைவி.

இப்போது பழைய சாமானை ஈரத்துணியால் துடைத்த பிறகே விலை கேட்கிறேன். எல்லாம் சமமாயிருந்தால் கேட்பதேயில்லை.