கண்ணை மறைத்த படம்

அக்கா, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத்தான் வாய் வருகிறது. ஆனால் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று அப்பா டொக்டரிடம் வாங்கிய வாக்கு இன்னும் இருக்கிறது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

உன்னுடைய ஒரேயொரு படத்துக்காக ஒரு வருடமாக அலைகிறேன். கடல் பொங்கி எங்கள் முல்லைத்தீவுக் கரைக்குள் வந்த அன்று உன்னையும் வீட்டையும் பட அல்பத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு மற்ற வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளின் படங்களை மாதா கோவிலில் வரிசையாக வைத்தார்கள். எங்கள் இடம் மட்டும் வெறும் மேசை.

அப்போதுதான் டொக்டரின் ஞாபகம் வந்தது. சண்டை நின்று சமாதானம் வந்து பாதை திறந்த புதிதில், தோல் வருத்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய எங்கள் கரைக்கு வந்தாரே, அவர். உன் கன்னத்தில் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்த புண்ணுக்கு மருந்து தந்து, படமும் எடுத்தார். கட்டுரையில் போடப் போவதாகச் சொன்னதும் அப்பா துள்ளினார்.

"கலியாணம் கட்டாத பிள்ளை டொக்டர். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாத்தா என்ன கதை கதைப்பினம்?"

"தோல் வருத்தத்தை இங்கிலிஷில வாசிக்கிற மாப்பிள்ளையெண்டா எனக்கு இப்பவே ஓம்!" என்று நீ குசினி அடுப்படியில் இருந்து கத்தினாய்.

அடுத்த முறை டொக்டர் உன் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட படத்தோடு வந்தார். அப்பாவுக்கு அது போதவில்லை. முழுப் படத்தையும் நெகட்டிவையும் எங்கள் முன்னால் எரித்தால்தான் சம்மதக் கையெழுத்து என்றார். டொக்டர் எடுத்துத் தந்தார். அதைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டது நான்தான். மூன்று மாதத்தில் உன் புண் ஆறிவிட்டது. தழும்புகூட இல்லை.

ஆனாலும் டொக்டரிடம் இன்னொரு முழுப் படம் இருக்கும் என்று நம்பினேன். படித்தவர்கள் எதையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். கிளிநொச்சியில் கிளினிக் வைக்க வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். நீ போனதை அவரிடம் சொன்னேன். அவர் கணினியில் அந்தக் கட்டுரையைத் திறந்து காட்டினார்.

"உன்ர அக்காவால இந்தக் கட்டுரைக்கு நல்ல பேர், தங்கச்சி. வெளிநாட்டு டொக்டர்மாரெல்லாம் தங்கட கட்டுரையளில இதைக் காட்டி எழுதுகினம். சிலபேர் படத்தையே கேட்டு வாங்கிப் போட்டிருக்கினம்."

"அப்ப அவையளிட்டக் கேளுங்கோ டொக்டர். அவ்வளவு பேரில ஒராளிட்டயாவது கண்ணோட படம் இருக்கும்."

"அவையளுக்குப் போனதும் இந்தப் பட்டை போட்டதுதான், பிள்ளை."

"அந்தப் பட்டையைச் சுரண்டேலாதோ?"

"சுரண்டினா கீழ ஒண்டுமில்லை."

எனக்கு வந்த எரிச்சலை யாரில் காட்டுவது? அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய மனிசன். அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தந்தார். கூடவே, அவர் கட்டுரையைக் காட்டி எழுதியவர்களின் பட்டியலையும் தந்தார். ஆறுதலுக்குத் தந்திருப்பார். அவ்வளவு பேரும் பிறகு ஆறிப்போன புண்ணைப் பார்த்திருக்கிறார்கள், உன்னை ஒருவரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிசி அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "ஐயோ, இந்தப் பிள்ளைக்கு முகத்தில என்ன வருத்தம்?"

"அது எப்பவோ மாறீட்டுது!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் அப்பா அந்தத் தாளைப் பார்த்தார். "கோவிலில புண்ணையோ கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நீங்கள் சொல்லித்தானே எரித்தேன் என்று கேட்க வாய் உன்னியது. அவர் முதுகைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வருகிற இரண்டாம் ஆண்டுப் பூசைக்கும் படம் இல்லை. அதனால் இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கிறவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பெரிய கண்கள். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சின்னன். சிரித்தால் அந்தச் சின்னக் கண் முழுதாக மூடிவிடும். அந்த முகத்தை நினைத்து எல்லோரும் அவளுக்காகச் செபியுங்கள்.