ஊறாத பெட்டி

ஆம்பூர்ச் சந்தை மைதானத்தில் ஒரு வருஷம் சர்க்கஸ் கூடாரம் போட்டார்கள். வாசலில் கைப்பிடி வைத்த இரண்டு இரும்புப் பெட்டிகள். காலணா போட்டு இழுக்க வேண்டும். இடது பெட்டி அடிக்கடி கொஞ்சம் சில்லறை துப்பும். வலது பெட்டி சத்தமில்லாமல் விழுங்கும். எப்போதாவது ஒரே மூச்சில் மடி நிறையக் கொட்டும்.

நானும் என் புருஷனும் ஒரே தோல்ஷாப்பில் வேலை. நான் ஆட்டுத்தோலில் மயிர் எடுப்பேன். அவர் ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்று தோல் புரட்டுவார். முதலில் எங்கள் ஆட்கள் இடது பெட்டியைத்தான் சுற்றி நின்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரர் ஒருவருக்கு வலது பெட்டி கொட்டியது. அவ்வளவுதான், இடது பக்கம் ஈ காக்கை இல்லை. அதற்கு முன் அவர் எவ்வளவு விட்டார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காசு விழுந்த சத்தத்தை மட்டும் வாரம் முழுக்கப் பேசினார்கள்.

பட்டைத் தண்ணீரில் கிடக்கக் கிடக்கத்தான் தோல் பதமாகும். அந்தப் புத்தியைப் பெட்டியிடமும் கொண்டுபோனார்கள். ரொம்ப நேரம் கொடுக்காத பெட்டி ஊறிக்கொண்டிருக்கிறதாம். கூலி முழுக்கப் போட்டும் அது கொடுக்காதபோது என் புருஷனுக்கு நம்பிக்கை குறையவில்லை, கூடியது.

"நல்லா ஊறிடுச்சுமே. கம்மலக் கழட்டிக் குடு. இப்ப வுட்டா வேற எவனாவது வாரிட்டுப் போய்டுவான்" என்றார்.

என் அம்மா நாற்று நட்டுச் சேர்த்துப் போட்ட கம்மல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷாப்பு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஊர்றதுக்கு இது இன்னா தோலாய்யா? இரும்பு. கம்மல் வராது."

பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்று யாரோ முனகினார்கள். முனகட்டும். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மைதானத்தைத் தாண்டவில்லை, மேல்விஷாரத்து வியாபாரி ஒருவர் அதே பெட்டியில் காலணா போட்டு இழுத்தார். கொட்டியது.

சாகும்வரை என் புருஷன் அதைச் சொல்லிக்காட்டினார். குழம்பில் உப்பு கம்மி என்று ஆரம்பித்தாலும் அந்தப் பெட்டியில்தான் வந்து நிற்பார். நான் ஒரு நாளும் தலை குனியவில்லை. வியாபாரிக்குக் கொட்டியதைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் ஷாப்பில் மற்ற எல்லாரும் பெண்டாட்டி காதிலும் மூக்கிலும் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். கூடாரம் பிரித்தபோது எங்கள் தெருப் பெண்கள் காது தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி செருகிக்கொண்டு நடந்தார்கள். கம்மலோடு நடந்தவள் நான் ஒருத்திதான்.