தண்ணீர் வரும் நாளின் அழுகை

ஈஜிபுராவிலிருந்து எலகங்கா வரை சல்லடை போட்டுத் தேடினாலும் சங்கமித்ராவைப் போல அழத் தெரிந்த ஆள் அகப்பட மாட்டார். அவள் கண்ணீரைத் தேக்கினால் பெங்களூருக்கு இன்னொரு அணை தேவையில்லை. சில்க் போர்டு சந்திப்பின் வண்டி நெரிசலே ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிடும். எழுதுவது அவளுடைய தம்பி விக்கி. பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன், தண்ணீர்க் கேன் கடையில் வேலை செய்பவன். ஆகவே தாராளமாக நம்பலாம்.

மற்றவர்கள் அழுகை வந்தபோதெல்லாம் அழுவார்கள். சங்கமித்ரா ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் காவேரித் தண்ணீர் வரும் காலை ஆறு மணிக்கு. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. போன பரீட்சையில் கணக்குத் தாளைப் பார்த்ததும் கை நடுங்கி, மூச்சு முட்டி, வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள். "பயத்தைத் தொரத்தாதம்மா. அதுக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கு" என்றார் கல்லூரியின் மனநல ஆலோசகர் மௌரீன் மிஸ்.

ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் நேரம் கிடைக்கும், இடம் எங்கே கிடைக்கும்? வாசல் குழாயிலிருந்து ஜன்னல் வழியாகக் குளியலறைக்குள் வரும் ஹோஸ் பைப்பில் டிரம்மை நிரப்புவது அவள் வேலை. கதவைத் தாழிட்டால் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் வெளியே கேட்காது. டிரம் நிரம்பும்வரை அழுவாள். நிரம்பியதும் முகம் கழுவிக்கொண்டு தோசை தின்ன உட்கார்ந்துவிடுவாள்.

அந்தக் கணக்குத் தாளை மறுபடி எழுதும் நாள் வந்தது. இதையும் விட்டால் ஒரு வருடம் போச்சு. தெருமுனையில் பள்ளம் தோண்டிப் பைப் உடைந்ததில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. அழுகை அவளுக்குக் கழுத்துவரை நின்றது. ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலைவிட்டு எழவில்லை.

"நான் போகலடா."

"போகாட்டி இன்னா? என்கூட வந்து கேன் தூக்கு. உனக்குத்தான் எருமை பலம்."

தலையணை பறந்து வந்தது. விக்கி குனிந்து தப்பித்து வெளியே ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் ஹோஸ் பைப் இருமியது.

"அக்கா, தண்ணி வந்துடுச்சு!"

ஓடிப்போய்த் தாழிட்டுக்கொண்டாள். அன்றைக்குத் தண்ணீரே விசித்திரமாக வந்தது. கொட்டும், நிற்கும், திரும்பக் கொட்டும். அவளும் அது கொட்டும்போது அழுதாள், நின்றபோது மூக்கைச் சிந்தினாள். டிரம் முக்கால்வாசி ஏறியபோது அழுகை வற்றிவிட்டது. குழாயை மூட வந்தால், விக்கி ஏற்கெனவே மூடிவிட்டு நல்ல பிள்ளையாக மூச்சிரைக்க நின்றான்.

சங்கமித்ரா போன பஸ்ஸில் அடுகோடி நிறுத்தத்தில் அனுஷா ஏறினாள். கிருஷ்ணகிரிப் பெண், வகுப்புத் தோழி. பரீட்சை நாளில் 'படிச்சியா' என்று கேட்கக் கூடாதென்பது இருவருக்குள் ஒப்பந்தம்.

"என்னடி சாப்ட்ட?"

"தோசை. மூணு."

"மூணா! அப்ப பேப்பர் திருத்தறவன்தான்டி பாவம்."

பரீட்சை அறையில் கை நடுங்கத்தான் செய்தது. இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சின்மேல் பதித்துக் காத்திருந்தாள். வந்த பயத்தில் பாதியைக் காலையிலேயே இறக்கிவிட்டிருந்தாள்; மீதியோடு மல்லுக்கட்ட முடிந்தது. தெரிந்த நான்காவது கேள்வியில் ஆரம்பித்து, கடைசி மணி அடிக்கும்வரை எழுதினாள்.

வீடு திரும்பியபோது விக்கி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிக்கா?"

"பாஸாயிடுவேன்டா."

"பாத்தியா, காவேரித் தண்ணி சரியான நேரத்துக்கு வந்துச்சு."

"வந்துச்சு. நடுவுல நடுவுல 'ஐயோ என் இடுப்பு'ன்னு கத்துச்சு."

விக்கி வானத்தைப் பார்த்தான். "அது மேல் வீட்டு அங்கிளா இருக்கும்."

"அவர் ஊருக்குப் போய்ப் பத்து நாளாச்சு. படிக்கட்டுல புனல் கிடக்குது, பைப்போட இன்னொரு முனையும் அங்கதான் கிடக்குது."

அவள் அவனுடைய கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். கேனின் பிடி அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது.

"அஞ்சு கேனாடா தூக்கின?"

"ஆறு" என்றான் விக்கி, சட்டென்று.