தீப்பெட்டி மறந்த ஞாயிற்றுக்கிழமை

நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊர்க்காரர்கள் ஒரு நாள் முழுக்கத் தீப்பெட்டி இல்லாமல் தவித்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்புவேன். தவித்தவர்களில் நானும் ஒருத்தி. அது மட்டுமல்ல, அன்றைய பிக்னிக்குக்குத் திட்டம் போட்டவளே நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன். அரைப்பரீட்சை லீவுக்கு அப்பாவும் அம்மாவும் என்னைச் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் இருந்த மாமா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். மாமா என் அம்மாவின் அண்ணன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மாமாவின் மனைவியான அத்தைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். இருவரும் ஏறிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். வந்ததும் மாமா முகம் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்காருவார். அத்தை முகம் கழுவிவிட்டு அடுப்பு முன்னால் நிற்பாள். அதில் வித்தியாசமாக எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மாமா மகன் ஏற்றுக்கொண்டான். என்னைவிட ஒரு வயது சின்னவன். மூன்று நாளில் ஊர் தீர்ந்துவிட்டது. டிசம்பர் கடைசி என்பதால் அச்சாபீஸ் வாசல்களில் எல்லாம் காலண்டர் கட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதையும் எத்தனை நேரம் பார்ப்பது? மாமா வீட்டிலேயே ஒன்பது காலண்டர்கள் தொங்கின. தேதி கிழிப்பது யார் வேலை என்று முடிவாகாததால் ஒன்பதும் ஒன்பது தேதி காட்டின.

நாலாம் நாள் நான் பிக்னிக் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். எங்கள் பள்ளியில் மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போனதையும், புளியோதரைப் பொட்டலத்தை மணலில் போட்டுவிட்டு அழுததையும் சொன்னேன். வெம்பக்கோட்டை அணைக்கட்டில் தண்ணீர் நிறையக் கிடக்கிறது, போகலாம் என்றார் மாமா. முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வேனையும் வாங்கிவிட்டார். ஆளுக்கு ஒன்றாக இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் தண்ணீர்க் கரையிலேயே சுடச்சுடச் செய்து சாப்பிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. இந்த மாதிரி யோசனைகளில் நான் அப்போதே கெட்டிக்காரி.

எழுதிக்கொள்ள மாமா ஒரு புது டைரி தந்தார். அச்சாபீஸில் கழித்துப்போட்டது. மார்ச் மாதம் முழுக்கத் தலைகீழாக அச்சாகியிருந்தது. நான் ஜனவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தில் ஆரம்பித்தேன். அப்பாவுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. அம்மாவுக்குக் கம்பஞ்சோறு. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து சென்னையில் கம்பைக் கண்ணால் பார்க்கவில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். மாமாவுக்கு எண்ணெய்ப் பரோட்டா. அவர் மகனுக்கு வெங்காய பஜ்ஜி. எனக்குக் கருப்பட்டிப் பணியாரம். கடைசியாக அத்தையிடம் போனேன். அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு என்ன வேணும் அத்தை?”

அத்தை சட்டைக் காலரைத் தேய்த்தபடியே சிரித்தாள். “எனக்கு ஒரு டீ போதும் தாயி. அதுவும் யாராச்சும் போட்டுக் குடுத்தா.”

எனக்குச் சப்பென்று போய்விட்டது. டீயெல்லாம் ஒரு பலகாரமா? இருந்தாலும் ‘அத்தை – டீ’ என்று எழுதி, பட்டியலுக்குக் கீழே அடிக்கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கண் விழித்தபோது அத்தை பணியாரத்துக்கு மாவு ஆட்டி முடித்திருந்தாள். மைதா பிசைந்து, ஈரத்துணி போர்த்தி வைத்திருந்தாள். கம்பு இடித்தாயிற்று, மசாலா அரைத்தாயிற்று, வெங்காயம் ஒரு சட்டி நிறைய நறுக்கியாயிற்று. கோழி மட்டும் கால் கட்டப்பட்டு வாசலில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. அங்கே போய் அறுத்தால்தான் ருசி என்று அப்பா சொல்லியிருந்தார். சென்னைக்காரர் சொன்னால் மாமா வீட்டில் மறுபேச்சு கிடையாது.

வேன் வந்தது. ஆறு நாளும் வேன் கதவருகில் நின்று, ஏறுகிறவர்களின் பைகளைச் சோதித்துப் பார்ப்பது மாமாவின் வேலை. செல்போன், தீப்பெட்டி, பீடி எது இருந்தாலும் எடுத்து வெளியே வைத்துவிடுவார். அன்றும் எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவருகில் நின்றுகொண்டார். நாங்கள் வரிசையாக ஏறினோம். ஒவ்வொரு பையாகத் தடவித் தடவி உள்ளே கொடுத்தார். என் டைரியைக்கூட ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். கோழியை மட்டும் விட்டுவிட்டார்.

அணைக்கட்டில் தண்ணீர் கரை வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்தோம். அப்பா மூன்று கல்லைப் புரட்டி அடுப்புக் கூட்டினார். நானும் மாமா மகனும் சுள்ளி பொறுக்கினோம். வேன் ஓட்டிவந்த டிரைவர் அண்ணன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு அம்மா கையை நீட்டினாள்.

“மதினி, தீப்பெட்டிய எடுங்க.”

சாமான் சாக்கில் வைத்திருந்த தீப்பெட்டியைக் காணவில்லை. எல்லோரும் தேடினோம். எங்களைவிட அத்தை மும்முரமாகத் தேடினாள். மசாலா டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஜமுக்காளத்தை உதறினாள். கோழியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள்.

“ஏங்க, கதவுகிட்ட நின்னு பையத் தடவுனீகளே. எடுத்து வெளிய வச்சிட்டீகளோ?”

மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. “பழக்கதோசத்துல எடுத்து வீட்டு வாசப்படியில வச்சிருப்பேன் போல” என்றார் மெதுவாக.

அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “ஏண்ணே, சமைக்கப் போறவுககிட்ட தீப்பெட்டியப் பிடுங்கின ஆளு இந்தச் சிவகாசிச் சீமையிலேயே நீதான்!” என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாமா மட்டும் சிரிக்காமல் அடுப்புக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. டைரியில் அடிக்கோடு போட்ட பிக்னிக் இப்படியா ஆக வேண்டும்!

கரையில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஓடினோம். அவர் புகையிலை போடுகிறவர். பக்கத்துப் பெட்டிக்கடையில் பூட்டுத் தொங்கியது. சரி, வேனில் போய் வாங்கி வருவோம் என்று அப்பா, மாமா, டிரைவர் அண்ணன், நாங்கள் இருவர், ஐந்து பேரும் கிளம்பினோம். அம்மாவும் அத்தையும் அடுப்புக்கும் கோழிக்கும் காவல்.

டிரைவர் அண்ணன் ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினார். வண்டி நின்றதும் பார்த்தால், மாமாவின் கம்பெனி வாசல். தினமும் வந்து பழகிய கை தானாகத் திருப்பிவிட்டது. காவலுக்கு இருந்தவர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார்.

“என்ன போர்மேன், ஞாயித்துக்கெழம அதுவுமா? லோடு ஏதும் வருதா?”

“அதெல்லாம் இல்லண்ணாச்சி” என்று மாமா கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். “ஒரு தீப்பெட்டி கெடைக்குமா?”

அந்த மனிதர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். திரும்பிப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. எழுதிவைக்கச் சொன்னவரே மாமாதான் என்று பிற்பாடு தெரிந்தது.

“போன வாரம் எம் மடியத் தடவி, பீடிக்கட்டப் பிடுங்கிட்டுப் போனது யாரு? இன்னைக்கு எங்கிட்டயே தீப்பெட்டி கேக்கீக. ஒடம்புக்கு முடியலையா போர்மேன்?”

வேனுக்குள் அப்பா சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அதற்குமேல் மாமாவும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு டிரைவர் அண்ணனும் சிரித்தார்.

தாயில்பட்டியில் ஒரு பரோட்டாக் கடை திறந்திருந்தது. வாசலில் பெரிய கல். அதில் எண்ணெய்க்குள் பரோட்டாக்கள் மிதந்து பொரிந்துகொண்டிருந்தன. நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். மணி ஒன்றரை. இனிமேல் தீப்பெட்டி வாங்கி, திரும்பிப் போய், கோழியை அறுத்து எப்போது சாப்பிடுவது? மாமா மகன் என் காதைக் கடித்தான். நான் டைரியைத் திறந்து, மாமாவுக்கு எண்ணெய்ப் பரோட்டா என்று எழுதியிருந்த வரியைச் சத்தமாக வாசித்தேன். அதோடு முடிவாகிவிட்டது.

முப்பது பரோட்டா, சால்னா, வாழையிலையில் கட்டிய மட்டன் சுக்கா. பக்கத்துக் கடையில் சாத்தூர்க் காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும். ஸ்கூட்டரில் வைத்து விற்றுக்கொண்டு வந்தவரிடம் பால்கோவா. தெருமுனையில் ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு. வேனில் ஏறப்போகும்போது எனக்குக் கடைசி வரி நினைவுக்கு வந்தது. “அத்தைக்கு டீ!” என்று கத்தினேன். நாளைக் காலையில் திருப்பித் தருவதாகச் சொல்லி, டீக்கடையிலேயே ஒரு தூக்குவாளியை இரவல் வாங்கி, நிறைய டீ ஊற்றிக்கொண்டார் டிரைவர் அண்ணன். வழியெல்லாம் அதை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை சுட்டது. பெருமையாக இருந்தது.

புளியமரத்தடியில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. தன் ஒயர்கூடையைத் தலைக்கு வைத்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படி ஒரு தூக்கம். உள்ளே டம்ளர்களும் கரண்டியும் இருந்த கூடை. தலை வலிக்காதா என்று நினைத்தேன். அம்மா உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினாள். பொட்டலங்களை எல்லாம் இறக்கி வைத்த பிறகு அம்மா கேட்டாள்.

“தீப்பெட்டி எங்க?”

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் அத்தை எழுந்தாள்.

முதல் டம்ளர் டீயை நானே ஊற்றிக் கொடுத்தேன். அத்தை தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். நல்லா இருக்கா என்று கேட்டேன். டம்ளரை மறுபடி நீட்டினாள். பரோட்டா அவள் தட்டுக்குத் தானாக வந்தது. சுக்காவை அம்மா வைத்தாள், வெள்ளரிப்பிஞ்சை அப்பா நறுக்கிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டுச்சில்லு பொறுக்கித் தண்ணீரில் விட்டெறிந்தாள். அது ஏழு தத்துத் தத்திப் போய் விழுந்தது. மாமா நாலு தத்துக்குமேல் தாண்டவில்லை. “வாங்க, பாப்போம்! தீப்பெட்டி பிடுங்கத்தான் தெரியுமா?” என்று அத்தை மாமாவைச் சீண்டினாள். அவளுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அதைவிடச் சந்தோஷமான பகல் ஒன்று எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கோழியும் எங்களோடு பிக்னிக் பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியது. அதை அறுக்கக் கூடாது என்று நானும் மாமா மகனும் ஒரே அழுகை. அப்புறம் அது ரொம்ப நாள் முட்டையிட்டுக்கொண்டு இருந்ததாம்.

சாயங்காலம் வீட்டில் அத்தையின் ஒயர்கூடையை நான்தான் காலி செய்தேன். டம்ளர்களுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பிரித்தேன். தீப்பெட்டி. புதுசு, ஒரு குச்சிகூடக் குறையவில்லை.

“அத்தை! தீப்பெட்டி இதுக்குள்ளதான் இருந்திருக்கு!”

மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, தீப்பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தாள். “அட, இங்கனதான் கெடந்துச்சா?” என்றாள். பிறகு குனிந்து, “மாமாகிட்ட சொல்லாத தாயி, என்ன?” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பாவம், அத்தைக்கு மறதி என்று நினைத்தேன். வைத்தவளே மறந்துவிட்டது தெரிந்தால் எல்லோரும் மாமாவை விட்டுவிட்டு அவளைக் கேலி செய்வார்களே என்று அவளுக்காகக் கவலைப்பட்டேன். சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. சென்னை போன பிறகும் போனில் பேசும்போதெல்லாம், கேஸை மூடினீங்களா, வீட்டைப் பூட்டினீங்களா என்று அத்தைக்கு ஞாபகப்படுத்துவேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுவாள்.

போன மாதம் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாமா மகன் ஒரு தீப்பெட்டியைக் கலர்த்தாளில் சுற்றி மேடையிலேயே பரிசாகக் கொடுத்தான். மண்டபமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மணப்பெண்தான். சிரித்துக்கொண்டே கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் என் வீட்டு அடுப்பின் முன்னால் நின்று எனக்கும் இப்போது பன்னிரண்டு வருஷமாகிறது. நானும் சிமிட்டினேன்.

ஊர் திரும்பியதும் அந்த டைரியைத் தேடி எடுத்தேன். மார்ச் இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது. ஜனவரி ஒன்றில் ஐந்து பேருக்கு ஐந்து பலகாரம், கீழே ‘அத்தை – டீ’. அன்று துணி துவைத்தபடி டீயோடு சேர்த்து அவள் சொன்ன இன்னொன்றை நான் எழுதிக்கொள்ளவில்லை. அது சாப்பிடுகிற பொருள் இல்லையே என்று விட்டுவிட்டேன்.