றெஜினாவின் பேரில் விழுந்த சிவப்புக் கோடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போனதால், அவருடைய இடத்துக்கு ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நான் எஸ்.எஸ்.சி. மட்டும் படித்தவள். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டைக்கு வந்து, ட்ராம் ஏறி, மிச்சத்தை நடந்து போவேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேர் கூப்பிட வாய் வரவில்லை. லீவில் போன டீச்சர், எந்தப் பிள்ளை எந்த வாங்கில் இருப்பாள் என்று ஒரு கடதாசியில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து, வெறுமையாக இருக்கும் இடத்துக்கு வரவில்லை என்று வரவு பதியும் இடாப்பில் குறித்துவிடுவேன். எல்லாரையும் "பிள்ளை" என்றே கூப்பிட்டேன்.

"இந்த டீச்சருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே பிள்ளைதான்டி" என்றாள் பின்வாங்கில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை இடாப்போடு வந்து, தவணைச் சோதனை எழுதப் போகிறவர்களின் பேரை வாசித்தார். பிலோமினா என்ற பேர் வந்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"றெஜினா ஒரு மாசமா வரேல்லை. சிவப்புக் கோடு போட்டுப் பேரை வெட்டிப் போட்டன். அவளுக்குச் சோதனை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்வாங்குப் பிள்ளை அழுதுகொண்டு எழும்பினாள்.

"டீச்சர், நான்தான் றெஜினா. நான் ஒவ்வொரு நாளும் வந்தனான்."

"இது பிலோமினாவின்ட இடமெல்லோ?"

"பிலோமினா வீட்டுக்காரர் போன மாசமே வத்தளைக்குப் போயிட்டினம் டீச்சர். பின்னுக்கிருந்தா எனக்குப் போர்ட் தெரியாது. அதுதான் இங்க வந்தனான்."

ஒரு மாதமாக நான் இவளைப் பிலோமினா என்று குறித்து வந்திருக்கிறேன். திங்கட்கிழமை பழைய டீச்சர் வந்துவிடுவார். வாய் திறக்காமல் நான் போய்விடலாம். ஆனால் ஒரு பிள்ளையின் பேச்சுக்கும் இடாப்புக்கும் நடுவில், இடாப்பைத்தான் நம்புவார்கள். பேர் இல்லாவிட்டால் சோதனை இல்லை, சோதனை இல்லாவிட்டால் ஐந்தாம் வகுப்பு இல்லை.

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன்.

"வந்த பிள்ளைக்கு வரவு இல்லை. இல்லாத பிள்ளைக்கு வரவு! இன்ஸ்பெக்டர் கண்டா பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைப்பார்?"

"என்ர பிழை, பெரிய டீச்சர். பேர் கூப்பிட வெட்கம்."

"வெட்கமோ? பிறகேன் டீச்சர் வேலைக்கு வந்தனீர்?"

இடாப்பில் அழிக்கக் கூடாது. அவர் முன்னாலேயே, ஒவ்வொரு நாளுக்கும் றெஜினா, பிலோமினா இரண்டு பேருக்கும் நேரே பிழையைக் கோடு போட்டு வெட்டி, சரியானதை எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன். கடைசியில் அவர் பேனையை வாங்கி, றெஜினாவின் பேரை அடியில் மறுபடி எழுதினார்.

"இதுக்குப் பிறகு உம்மைத் திரும்ப வேலைக்கு எப்படிக் கூப்பிடுறது?"

"கூப்பிட மாட்டீங்கள் எண்டு தெரியும், பெரிய டீச்சர்."

வகுப்புக்குத் திரும்பி, முதல் முறையாக எல்லாப் பேரையும் சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் சொன்ன ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். றெஜினாவின் "ப்ரெசன்ட் டீச்சர்" ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

நம் பேர் டீச்சர்மாரின் இடாப்பில் ஏறாத வேலை இது. அதனாலேயே பிள்ளைகளின் பேரில் கூடுதல் கவனம் வேண்டும். இப்போது இன்னொரு டீச்சருக்குப் பதிலாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அடுத்த தவணையில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது: "மூன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை. திங்கள் வரவும். பேர் கூப்பிடவும்."