சார்ஜ் பாயின்ட்டில் தொங்கிய குடை

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள், கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன். சிக்கலே இதைக் கண்ணால் கண்டதுதான்.

ஜெகதளாவுக்கு மேலே எங்கள் ஊர். கரண்ட் வண்டிகளுக்கு ஊருக்கே ஒரு சார்ஜ் பாயின்ட், ரேஷன் கடைக்குப் பக்கத்தில். அந்த ரோட்டில் வண்டியை வரிசையாக நிறுத்த இடம் கிடையாது. அதனால் அவரவர் குடையை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மாட்டிய குடையைத் தாண்டி யாரும் பிளக்கைத் தொட மாட்டார்கள், எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. சட்டை தொப்பலாக வேர்த்து, முகம் வெளிறிவிட்டது. மழையில் மண் சரிந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். எங்கள் காரிலேயே போகலாம் என்றால், முந்தின நாளிலிருந்து வீட்டில் கரண்ட் இல்லை, வண்டியில் சார்ஜ் அடிமட்டம், குன்னூர் வரை தாங்காது. அவரைப் பின் சீட்டில் சாய்த்து, சார்ஜ் பாயின்ட் வரை எப்படியோ உருட்டிக்கொண்டு வந்தேன். நல்ல நேரம், அங்கே கரண்ட் இருந்தது.

வண்டி எதுவும் நிற்கவில்லை. ஆனால் வேலியில் ஒரு குடை.

நான் பிளக்கில் கை வைக்கிறேன், இந்த மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டே, "சுதா, பழனிசாமி குடை தொங்குது. அவரைக் கேட்டுட்டுப் போடு" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்!

"உசுரு போற நேரத்துல குடையாவது மண்ணாவதுங்க!" என்று கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் பழனிசாமி அண்ணனே மூடுபனிக்குள்ளிருந்து வந்தார். பறித்த கொழுந்தை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் கரண்ட் ஆட்டோக்காரர் அவர். தலையிலிருந்து கால்வரை சேறு. ஆட்டோவைக் காணோம். கம்பியிலிருந்து குடையை எடுத்தார்.

"நீங்க போடுங்க அம்மிணி. எனக்கு இனி வேண்டாங்க."

நம்பினால் நம்புங்கள், நான் பிளக்கைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரமெல்லாம் அவர் பின் கதவருகே நின்று, என் வீட்டுக்காரர் மேல் சாரல் படாமல் குடை பிடித்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். போதுமான அளவு ஏறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினால் அண்ணனைக் காணவில்லை. நான் ஒரு வார்த்தை நன்றி சொல்லக்கூட விடாமல் போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன்.

அருவங்காடு தாண்டும்போது பின்னாலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "பழனிசாமிக்கு எடம் விட்டு ஒதுங்கித்தான் உக்காந்திருக்கேன். நீ பாத்து ஓட்டு."

கண்ணாடியில் பார்த்தேன். அவர் கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் சீட் காலி. வலியில் பிதற்றுகிறார், கைவிட்டுப் போய்விடுவார் என்று பயந்து வண்டியை இன்னும் வேகமாக விரட்டினேன்.

பிழைத்துக்கொண்டார். டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வராந்தாவுக்கு வந்தால், அங்கே பழனிசாமி அண்ணனின் சம்சாரம் தரையில் புரண்டு அழுகிறாள். காலையில் கொழுந்து ஏற்றிப் போன வழியில் மண் சரிந்து, ஆட்டோவோடு புதைந்துவிட்டாராம். எங்களுக்குச் சேதி எட்டவே இல்லை. நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே உடலைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்துவிட்டார்களாம்.

"குடையை மாட்டியிருக்கறேன், ஒரு நடை போயிட்டு வந்து சார்ஜ் போடோணும்னு சொன்னாருங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவளிடம் நான் எதைச் சொல்வேன்?

இப்போது வீட்டுக்காரர் நன்றாக நடமாடுகிறார். ஆனால் முன் சீட்டுக்கு வருவதில்லை. பின்னால் ஏறி, கதவோடு ஒட்டித்தான் உட்காருகிறார். போன வாரம் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, இத்தனை எடம் கெடக்குதே, தாராளமா உக்காருங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு இன்னும் எறங்கலியே, சுதா."